அடுத்த கப்பல் எப்போது?

(கோலார் தங்கவயலில் ஆற்றிய சொற்பொழிவின் அச்சு வடிவம்)



கடல் எட்டாத ஊரில் கப்பலைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். தங்கவயல் கடல்மட்டத்துக்குச் சுமார் 850 மீட்டர் மேலே இருக்கிறது. ஆனால் சாம்பியன் ரீஃப் சுரங்கம் தரையிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது. கழித்துப் பாருங்கள். உங்கள் பாட்டனாரும் தந்தையாரும் கடல்மட்டத்துக்கு இரண்டு கிலோமீட்டர் கீழே நின்று வேலை செய்திருக்கிறார்கள். எந்தக் கடற்படையின் நீர்மூழ்கியும் அந்த ஆழத்தில் போர்ப்பணி செய்வதில்லை. ஆகவே கடலைப் பற்றிக் கேட்க இந்த ஊருக்கு முழு உரிமை உண்டு.

இன்று நான் எடுத்துக்கொண்டது ஒரு பெயருடைய இரண்டு கப்பல்கள். இரண்டுமே ஐ.என்.எஸ். நீலகிரி. முதலாவது 1972 ஜூன் 3 அன்று கடற்படையில் சேர்ந்தது. இரண்டாவது 2025 ஜனவரி 15 அன்று மும்பையில் சேர்ந்தது. இரண்டும் ஃபிரிகேட் வகை, இரண்டும் மும்பை மசகான் டாக்கில் கட்டியவை. இரண்டுக்கும் இடையில் ஏறத்தாழ ஐம்பத்து மூன்று ஆண்டுகள். அந்த இடைவெளியில் நடந்ததுதான் என் பேச்சு.

ஃபிரிகேட் என்றால் என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். விமானந்தாங்கிக் கப்பல் ஒன்று போனால் அதைச் சுற்றிக் காவலாகப் போக வேண்டும். நீர்மூழ்கியைத் தேட வேண்டும். வானத்திலிருந்து வரும் ஏவுகணையைத் தடுக்க வேண்டும். வணிகக் கப்பல்களுக்குத் துணையாகப் போக வேண்டும். தேவைப்பட்டால் தனியாக வாரக்கணக்கில் நடுக்கடலில் நிற்க வேண்டும். இத்தனையையும் செய்கிற, நடுத்தர அளவுள்ள போர்க்கப்பல்தான் ஃபிரிகேட். விமானந்தாங்கிக்குக் கிடைக்கிற புகழ் இதற்குக் கிடைப்பதில்லை. வேலை மட்டும் கிடைக்கும்.

1960இல் மத்திய அரசு மும்பையின் மசகான் டாக்கையும் கல்கத்தாவின் கார்டன் ரீச் தளத்தையும் தன் வசம் எடுத்தது. அதுவரை மசகான் டாக் பெரும்பாலும் கப்பல் பழுதுபார்க்கும் இடம். அங்கே பிரிட்டனின் லியாண்டர் வகை ஃபிரிகேட்டைக் கட்டுவது என்று முடிவானது. வரைபடமும் வழிகாட்டலும் பிரிட்டனின் விக்கர்ஸ், யாரோ நிறுவனங்களிடமிருந்து வந்தன. 1966இல் அடித்தளம் இட்டு, 1968 அக்டோபர் 23 அன்று பிரதமர் இந்திரா காந்தி முன்னிலையில் கப்பல் நீரில் இறங்கியது. பெரிய போர்க்கப்பல் எதையும் அதற்கு முன் கட்டிப் பழகாத தொழிலாளர்கள், பெரிய போர்க்கப்பலைக் கட்டியே அதைப் பழகினார்கள். வேறு வழியும் இல்லை. போர்க்கப்பல் கட்டுவதற்குப் பள்ளிக்கூடம் போர்க்கப்பல்தான்.

முதல் நீலகிரி படையில் சேர்ந்த அதே 1972இல்தான் இங்கே பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் உருவானது. அதற்கு எட்டு ஆண்டு முன்னதாக 1964இல் பி.இ.எம்.எல். இயந்திரத் தயாரிப்பு நிறுவனம் தொடங்கியது. நாடு தானே தன் கையால் செய்யட்டும் என்று எழுந்த ஒரே காலத்துப் பிள்ளைகள் இவை. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு திரும்ப வருகிறேன்.

முதல் நீலகிரிக்குப் பிறகு வரிசையாக ஐந்து கப்பல்கள் வந்தன: 1974இல் ஹிம்கிரி, 1976இல் உதயகிரி, 1977இல் துனாகிரி, 1980இல் தாராகிரி, 1981இல் விந்தியகிரி. எல்லாம் மலைகளின் பெயர்கள். ஒவ்வொன்றிலும் இந்தியத் தயாரிப்பின் பங்கு கூடிக்கொண்டே போனது. கடைசி இரண்டில் நம்மவர்கள் பின்பகுதியையே மாற்றி வரைந்து, பெரிய சீ கிங் ஹெலிகாப்டர் இறங்கும்படி செய்தார்கள். பிரிட்டிஷ் வரைபடத்தில் கை வைக்கும் துணிவு வந்துவிட்டது என்று அர்த்தம்.

அந்தத் துணிவின் விளைவு 1983 டிசம்பர் 10 அன்று சேர்ந்த ஐ.என்.எஸ். கோதாவரி. அதன் வடிவமைப்பில் முன்னின்றவர்களில் ஒருவர் கேப்டன் மோகன் ராம், பிற்பாடு டி.வி.எஸ். மோட்டார் நிறுவனத்தில் உயர் பொறுப்பு வகித்தவர். கோதாவரியின் கணக்கு எனக்கு மிகவும் பிடித்தது. லியாண்டரின் அதே நீராவி இயந்திரம், அதே முப்பதாயிரம் குதிரைத்திறன். உடல் மட்டும் பெரிது: 113 மீட்டர் நீளம் 126 மீட்டரைத் தாண்டியது. இரண்டு சீ கிங் ஹெலிகாப்டர்கள், ரஷ்ய ஏவுகணைகள், மேற்கத்தியக் கருவிகள், இந்தியக் கருவிகள், எல்லாம் ஏறின. இத்தனை ஏற்றியும் வேகத்தில் இழந்தது மணிக்கு ஏறத்தாழ ஒரு கடல் மைல்தான். உடலின் நீளத்தையும் வளைவையும் சரியாகத் தேர்ந்ததால் அது முடிந்தது. புது இயந்திரம் வாங்கக் காசில்லாத நாடு காகிதத்திலும் பென்சிலிலும் உழைத்துச் சம்பாதித்த வெற்றி அது.

இனி இரண்டாவது நீலகிரிக்கு வருவோம். ப்ராஜெக்ட் 17ஏ என்பது இந்த வரிசையின் பெயர். மொத்தம் ஏழு கப்பல்கள். நான்கு மசகான் டாக்கில், மூன்று கார்டன் ரீச்சில். ஒப்பந்தம் 2015இல் கையெழுத்தானது, மதிப்பு 45,000 கோடி ரூபாய்க்கும் மேல். பழைய ஆறு மலைகளின் பெயர்களையும் மீண்டும் வைத்து, ஏழாவதாக மகேந்திரகிரியைச் சேர்த்தார்கள். புதிய நீலகிரியின் நீளம் 149 மீட்டர், எடை 6,670 டன். எடையில் பழையதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஆனால் பழைய கப்பலில் 250 பேருக்கு மேல் இருந்தார்கள். இதில் சுமார் 225 பேர். பெண் அதிகாரிகளும் பெண் மாலுமிகளும் தங்குவதற்கு முதலிலேயே இடம் ஒதுக்கி வரைந்த கப்பல் இது.

கட்டும் முறை முற்றிலும் மாறிவிட்டது. பழைய நாளில் கப்பலின் உடலை முழுதாக எழுப்பி, நீரில் இறக்கி, பிறகு உள்ளே ஆட்கள் நுழைந்து குழாய், கேபிள், இயந்திரம் என்று ஒவ்வொன்றாக நெருக்கடியில் பொருத்துவார்கள். தலைக்கு மேல் வெல்டிங், காலுக்குக் கீழ் பெயின்ட் வாளி, நடுவில் எலக்ட்ரீஷியன். இப்போது கப்பலைப் பாளம் பாளமாகப் பிரித்துக் கட்டுகிறார்கள். ஒவ்வொரு பாளமும் கூரையின் கீழ் தனியாக உருவாகும். கவிழ்த்து வைத்தே வெல்டிங் செய்வார்கள். அப்போது வெல்டருக்குக் கை கீழ்நோக்கி வேலை செய்யும். மேல்நோக்கிப் பிடிக்கும் வெல்டிங்குக்கும் இதற்கும் உள்ள வித்தியாசத்தை இங்கே இருக்கும் பி.இ.எம்.எல். தோழர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. குழாய், காற்றுக் குழல், கேபிள் தட்டு எல்லாவற்றையும் பாளத்திலேயே பொருத்திவிட்டு, பிறகு பாளங்களைக் கொண்டுபோய் ஒட்டுகிறார்கள். ஒரு பாளத்தின் குழாய் அடுத்த பாளத்தின் குழாயோடு மில்லிமீட்டர் பிசகாமல் சந்திக்க வேண்டும். இந்த முறையைக் கற்க இத்தாலியின் ஃபின்கான்டியரி நிறுவனத்தின் துணையைப் பெற்றார்கள்.

எஃகு எங்கிருந்து? ஐதராபாத்திலுள்ள பாதுகாப்பு உலோகவியல் ஆய்வுக்கூடம் உருவாக்கிய டி.எம்.ஆர். 249ஏ என்ற எஃகு. செயில் ஆலைகளில் உருகி வந்தது. முன்பு இத்தகைய தகடுகளை ரஷ்யாவிடம் வாங்கினோம். விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்துக்காகத் தேவைப்பட்டபோது நாமே செய்யும் நிலைக்குத் தள்ளப்பட்டோம். இப்போது மற்றப் போர்க்கப்பல்களுக்கும் அது வருகிறது. வலிமை மட்டும் இருந்தால் போதாது. பக்கத்தில் குண்டு வெடித்தால் தகடு கண்ணாடி மாதிரி நொறுங்காமல் வளைந்து தாங்க வேண்டும். அதற்காகவே உறைநிலைக்கு அறுபது பாகை கீழே குளிர்வித்து, சம்மட்டி அடி கொடுத்துச் சோதிக்கிறார்கள்.

இயந்திரம் எங்கிருந்து? இங்கேதான் நம் மாநிலம் வருகிறது. நீலகிரியில் இரண்டு டீசல் இயந்திரங்களும் இரண்டு எல்.எம். 2500 கேஸ் டர்பைன்களும் உண்டு. சாவகாசமாகப் போகும்போது டீசல். விரட்ட வேண்டும் என்றால் டர்பைன். எல்.எம். 2500 அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் விமான இயந்திரத்திலிருந்து பிறந்தது. அதை நம் கடற்படைக்காக ஒன்றுசேர்த்துச் சோதித்துக் கொடுப்பது பெங்களூரு எச்.ஏ.எல். நிறுவனத்தின் கேஸ் டர்பைன் பிரிவு. ஒரு டர்பைனின் திறன் ஏறத்தாழ முப்பதாயிரம் குதிரைத்திறன். பழைய நீலகிரியின் கொதிகலன்கள், நீராவி டர்பைன்கள் எல்லாம் சேர்ந்து தந்த திறனை இன்று ஒரே ஒரு டர்பைன் தருகிறது. பழைய கப்பலில் நீராவி ஏற்றிப் புறப்பட மணிக்கணக்காகும். இதில் நிமிடங்கள் போதும். கொதிகலன் அறையின் வெக்கையும் கூடவே போய்விட்டது. பாறையே 60 பாகைக்கு மேல் காய்ந்த ஆழத்தில் வேலை செய்தவர்களின் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விடுதலை என்று தெரியும்.

கப்பலின் காதும் மூளையும் பெரும்பகுதி பெங்களூருதான். நீருக்கடியில் ஒலியை வைத்துத் தேடும் சோனாரைக் கொச்சியிலுள்ள கடற்படை ஆய்வுக்கூடம் வடிவமைக்க, பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனம் தயாரிக்கிறது. ரேடார், சோனார், ஆயுதங்கள் அனைத்தையும் ஒரே திரையில் இணைக்கும் போர் மேலாண்மை அமைப்பும் பெல் தயாரிப்பு. முதன்மை ரேடார் இஸ்ரேலுடையது. விமானத்தையும் ஏவுகணையையும் தடுக்க 32 பராக்-8, கப்பலைத் தாக்க எட்டு பிரம்மோஸ். இந்த ஆயுதப் பட்டியலை எல்லாப் பத்திரிகையும் எழுதிவிட்டது, நான் நீட்டப்போவதில்லை. இடையில் ஒன்று: கப்பலில் தங்கமும் உண்டு, மின் இணைப்புகளின் ஊசிமுனையில் மெல்லிய பூச்சாக. தங்கவயலில் பேசுகிறவன் இதைச் சொல்லாமல் போனால் நீங்கள் மன்னிக்க மாட்டீர்கள்.

விடியற்காலையில் மாரிக்குப்பத்தில் ரயிலேறி, பங்காரப்பேட்டை வழியாகப் பெங்களூருக்கு வேலைக்குப் போய், இரவு வீடு திரும்புகிற ஊர் இது. அந்தக் கூட்டத்தில் எச்.ஏ.எல்.லிலோ பெல்லிலோ வேலை செய்பவர் யாராவது இருந்தால், அவர் மும்பைக்கே போகாமல் கப்பல் கட்டுகிறார் என்றுதான் பொருள்.

கட்டிய கப்பல் என்ன செய்கிறது? 2008 அக்டோபர் முதல் ஏடன் வளைகுடாவில் கடற்கொள்ளையருக்கு எதிராக நம் கப்பல்கள் காவல் நிற்கின்றன. முதலில் போனது ரஷ்யாவில் கட்டிய ஃபிரிகேட் ஐ.என்.எஸ். தபார். அந்த நவம்பரில் கொள்ளையரின் தாய்க்கப்பல் என்று தபார் சுட்டு மூழ்கடித்தது உண்மையில் கொள்ளையர் கைப்பற்றியிருந்த தாய்லாந்து மீன்பிடிக் கப்பல். அதிலிருந்த பணயக்கைதிகள் பெரும்பாலோர் இறந்தார்கள். கடற்படைப் பெருமை பேசும் மேடைகளில் இதைச் சொல்வதில்லை. சொல்ல வேண்டும் என்பது என் கட்சி. இரவில், தூரத்தில், ஆயுதத்தோடு நிற்கும் படகில் யார் கொள்ளையர், யார் கைதி என்று எந்த ரேடாரும் காட்டாது.

2015இல் யேமனில் போர் மூண்டபோது மக்களை மீட்கப் போனவற்றில் ஐ.என்.எஸ். தர்காஷ் ஒன்று. 2023 ஏப்ரலில் சூடானில் சண்டை வெடித்தது. அங்கே சிக்கியவர்களில் நம் கர்நாடகத்து ஹக்கி பிக்கி மக்களும் இருந்தார்கள். மூலிகைப் பொருள் விற்கப் போனவர்கள். மீட்பு நடவடிக்கைக்கு வைத்த பெயர் காவேரி. போர்ட் சூடானிலிருந்து செங்கடலைத் தாண்டி ஜெட்டாவுக்கு ஆட்களை ஏற்றிப்போன கப்பல்களில் தேக், தர்காஷ் என்ற இரு ஃபிரிகேட்டுகளும் உண்டு. ஏவுகணைக்காகக் கட்டிய தளத்தில் கைக்குழந்தையோடு பெண்கள் உட்கார்ந்திருந்த படங்களைப் பார்த்திருப்பீர்கள்.

ஃபிரிகேட்டில் சாவும் உண்டு. 1971 டிசம்பர் 9 இரவு, பாகிஸ்தான் நீர்மூழ்கி ஹங்கோரின் டார்பிடோவில் ஐ.என்.எஸ். குக்ரி மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலோடு போனார். போர் இல்லாத நாளிலும் ஆபத்து உண்டு. பழைய விந்தியகிரி 2011 ஜனவரி 30 அன்று மும்பைத் துறைமுக வாயிலில் ஒரு சரக்குக் கப்பலோடு மோதித் தீப்பிடித்தது. மறுநாள் கரையோரத்திலேயே மூழ்கியது. நல்லவேளை, உயிர்ச்சேதம் இல்லை. 2024 ஜூலையில் பழுதுபார்ப்பில் இருந்த ஃபிரிகேட் பிரம்மபுத்திராவில் தீ. கப்பல் ஒரு பக்கமாகச் சாய்ந்தது, ஒரு மாலுமி இறந்தார். தீயை அணைக்கப் பாய்ச்சும் தண்ணீர் உள்ளே ஒரு பக்கம் தேங்கினால் அதுவே கப்பலைக் கவிழ்க்கும் எடையாகும். உள்ளே வருகிற நீரை இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பம்ப் நின்றால் என்ன ஆகும் என்று சுரங்கம் மூடிய ஊருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம்.

இப்போது நான் முன்பு நினைவில் வைக்கச் சொன்னதற்கு வருகிறேன்.

2001 பிப்ரவரி 28 அன்று தங்கச் சுரங்கம் மூடியது. தங்கம் எடுக்கும் செலவு தங்கத்தின் விலையை மிஞ்சியது என்றார்கள். அந்தக் கணக்கோடு நான் இங்கே சண்டை போடவில்லை. ஆனால் அந்தக் கணக்கில் ஒரு வரி விட்டுப்போனது. மூன்று கிலோமீட்டர் ஆழத்துக்குக் கேஜை இறக்கி ஏற்றிய வைண்டிங் டிரைவர், பாறை வெடிக்கப்போகிறது என்று ஒலியை வைத்தே சொன்ன கைகாரர், அத்தனை ஆழத்துக்குக் காற்றைத் தள்ளியவர்கள்: இவர்கள் அறிந்தது எந்தப் பேரேட்டிலும் சொத்தாக ஏறவில்லை. அவர்கள் செக்யூரிட்டி வேலைக்கும் கட்டட வேலைக்கும் போனார்கள். இன்று சுரங்கத்தைத் திறக்கலாம், சுரங்கக் கழிவான சயனைடு மேட்டிலிருந்து தங்கம் எடுக்கலாம் என்று அவ்வப்போது பேசுகிறார்கள். இயந்திரத்தை டெண்டர் விட்டு வாங்கலாம். ஆளை?

மசகான் டாக்கிலும் இதே கதை ஒருமுறை நடந்தது. ஜெர்மனியின் எச்.டி.டபிள்யூ. நிறுவனத்திடம் கற்று, அங்கே இரண்டு நீர்மூழ்கிகள் கட்டினார்கள்: 1992இல் ஷால்கி, 1994இல் ஷங்குல். ஒப்பந்தத்தைச் சுற்றி ஊழல் புகார் எழ, வரிசை அங்கேயே நின்றது. நீர்மூழ்கியின் உடலை வெல்டிங் செய்வது சாதாரண வேலை அல்ல. ஒவ்வொரு இணைப்பையும் எக்ஸ்ரே எடுத்துப் பார்ப்பார்கள். அதற்கென்று ஜெர்மனி போய்ப் பயின்று வந்தவர்கள் வேலையில்லாமல் கலைந்தார்கள், வயதாகி ஓய்வு பெற்றார்கள். அடுத்த நீர்மூழ்கி ஒப்பந்தம் 2005இல், பிரான்ஸோடு. முதல் கப்பல் கல்வரி படையில் சேர்ந்தது 2017 டிசம்பரில். மீண்டும் அரிச்சுவடியிலிருந்து. பிரிட்டனும் இதே குழியில் விழுந்தது: வான்கார்ட் நீர்மூழ்கி வரிசைக்கும் அஸ்டியூட் வரிசைக்கும் நடுவே விட்ட இடைவெளியில் திறமை கரைந்து, கடைசியில் அமெரிக்காவின் எலெக்ட்ரிக் போட் நிறுவனத்திடம் உதவி கேட்டது. பல நூற்றாண்டுக் கடற்படை மரபெல்லாம் அந்தச் சும்மாயிருப்பைத் தாங்கவில்லை.

ஃபிரிகேட் வரிசை முழுதாக அறுந்துபோகவில்லை என்றாலும் நூலிழையில் தொங்கியது. 1989இல் தொடங்கிய பிரம்மபுத்திரா சேர்ந்தது 2000இல். அடுத்த வகைக் கப்பல்கள் 2010இல் ஷிவாலிக், 2011இல் சத்புரா, 2012இல் சஹ்யாத்ரி. பிறகு நீலகிரி. விட்டுவிடாமல் கட்டினால் என்ன கிடைக்கும் என்பதற்கு இந்த வரிசையிலேயே சான்று உண்டு. நீலகிரி நீரில் இறங்கியது 2019 செப்டம்பர் 28. கடற்படை கைக்கு வந்தது 2024 டிசம்பர் 20. ஐந்து ஆண்டுக்கு மேல். அதே தளத்தின் அடுத்த கப்பல் உதயகிரி 2022 மே 17இல் இறங்கி, 2025 ஜூலை 1இல் ஒப்படைப்பு: 37 மாதம். முதல் கப்பலுக்குக் கொரோனாவின் இடைஞ்சலும் இருந்தது, மறுக்கவில்லை. ஆனாலும் இரண்டாவது கப்பலில் குழாய் எங்கே முட்டும் என்று ஃபிட்டருக்கு முன்பே தெரியும். அந்தத் தெரிதல்தான் மிச்சமான மாதங்கள். உதயகிரியும் கல்கத்தாவில் கட்டிய ஹிம்கிரியும் 2025 ஆகஸ்ட் 26 அன்று விசாகப்பட்டினத்தில் ஒன்றாகப் படையில் சேர்ந்தன. இரண்டு வேறு தளங்களில் கட்டிய, ஒரே வகை பெரிய கப்பல்கள் ஒரே நாளில் சேர்வது இங்கே முன்பு நடந்ததில்லை.

கொண்டாடலாம். ஆனால் ஏழாவது கப்பலான மகேந்திரகிரி 2023 செப்டம்பர் 1ஆம் தேதியே நீரில் இறங்கிவிட்டது. கப்பல் தளத்தில் வேலை ஒரே நாளில் தீர்வதில்லை, வரிசையாகத் தீரும். முதலில் தகடு வெட்டுபவருக்கு வேலை முடியும். பிறகு பாளம் கட்டும் வெல்டர். அடுத்து பைப் ஃபிட்டர். கடைசியில் எலக்ட்ரீஷியனும் கருவி சோதிப்பவரும். தளத்தில் கடைசிக் கப்பலுக்கு வர்ணம் பூசி, வாத்தியம் முழங்கி, அமைச்சர் வந்து பேசும்போது, தகடு வெட்டும் பட்டறை காலியாகி ஆண்டுகள் ஆகியிருக்கும். விழா மேடையிலிருந்து அது தெரியாது. அடுத்த வரிசைக்கு ப்ராஜெக்ட் 17 பிராவோ என்று பெயரெல்லாம் வைத்துவிட்டார்கள்; பெயர் வைப்பது தகடு வெட்டுவது ஆகாது. ஆகவே தில்லியில் யாரிடமாவது கேள்வி கேட்கும் வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்தால், புதுக் கப்பலில் எத்தனை ஏவுகணை என்று கேட்காதீர்கள். அடுத்த கப்பலின் முதல் தகட்டை எந்தத் தேதியில் வெட்டுகிறீர்கள் என்று கேளுங்கள்.

மாணவர்களுக்கு ஒரு தகவல். மசகான் டாக் தொழிற்பழகுநர் பயிற்சிப் பள்ளி ஒன்றை நடத்துகிறது. பத்தாம் வகுப்பு முடித்தவர்களையும் ஐ.டி.ஐ. முடித்தவர்களையும் எடுக்கிறார்கள். ஃபிட்டர், வெல்டர், எலக்ட்ரீஷியன், பைப் ஃபிட்டர், ரிக்கர். இந்தத் தொழில்களின் பெயர் இந்த ஊரில் எந்த வீட்டுக்கும் புதிதல்ல. ஷாஃப்டில் கயிறு கட்டிப் பாரம் தூக்கிய ரிக்கர்கள் சிலர் இன்னும் ஆண்டர்சன்பேட்டையிலும் ஊரிகத்திலும் இருக்கிறார்கள். விண்ணப்பம் போடுவதற்கு முன் அவர்களிடம் ஒரு மாலை போய் உட்காருங்கள். மீதியைக் கேள்வி நேரத்தில் பேசுவோம்.